டோக்கியோ ஹோட்டலில் இரண்டு பேர்: 'லொஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' பற்றி ஒரு பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். படிப்புக்காக மெல்பேர்ண் போகப் போகிறாராம். "போக முதல் இதைக் கட்டாயம் பார்" என்று கனடாவிலிருக்கும் மச்சாள் சொன்னதால் 'லொஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' பார்த்திருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "102 நிமிடமும் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இது காதல் கதையா, இல்லையா? கடைசியில் அவர் காதுக்குள் என்ன சொல்கிறார்? ஜப்பான்காரரை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள்? இதில் என்ன இருக்கிறதென்று இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?"

எனக்கு மிகவும் நெருக்கமான படம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பொப் ஹரிஸ் மவுசு குறைந்துபோன ஓர் அமெரிக்க நடிகர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சன்டோரி விஸ்கி விளம்பரத்தில் நடிக்க இருபது இலட்சம் டொலர் தருகிறார்கள் என்று டோக்கியோவுக்கு வருகிறார். ஷார்லட் தத்துவம் படித்து முடித்த இளம்பெண், கலியாணமாகி இரண்டு வருடம். புகைப்படக்காரனான கணவனோடு கூட வந்திருக்கிறாள். அவன் விடிந்ததும் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இருவரும் ஒரே ஹோட்டல், இருவருக்கும் நித்திரை இல்லை. பாரில் கதைக்கத் தொடங்கி, ஊர் சுற்றி, சில நாட்களில் பிரிந்து போகிறார்கள். சோபியா கொப்போலா எழுதி இயக்கிய இரண்டாவது முழுநீளப் படம், 2003 இல் வெளியானது. பொப்பாக பில் மரே, ஷார்லட்டாக ஸ்கார்லெட் ஜொஹான்சன். மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கார் இதற்குக் கிடைத்தது. சுமார் 40 இலட்சம் டொலரில் எடுத்த படம் உலகெங்கும் 10 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது.

'ஒன்றுமே நடக்கவில்லை' என்பதிலிருந்து தொடங்குகிறேன், மற்றக் கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நாம் பார்த்துப் பழகிய படங்களில் முன்பின் தெரியாத இருவர் நெருங்க வேண்டுமென்றால் இடையில் ஏதாவது ஒரு கடமை வந்து நிற்க வேண்டும். ஒருவர் மற்றவரைக் காப்பாற்ற வேண்டும், அல்லது பழைய கணக்கு ஒன்று தீராமல் கிடக்க வேண்டும். அதே 2003 இல் வந்த 'அன்பே சிவம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட இருவர், மழை, வெள்ளம், ரயில், விபத்து என்று வழி முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவைதான் அந்த இருவரையும் சேர்த்துக் கட்டுகின்றன. '96' இல் ஓர் இரவு முழுக்க இருவர் நடந்து நடந்து கதைக்கிறார்கள், ஆனால் அந்த இரவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாழ்க்கையே நிற்கிறது. பொப்புக்கும் ஷார்லட்டுக்கும் இடையில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுப்பதில்லை. அவள் அவருடைய குடும்பத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஊரே உறங்கும் நேரத்தில் இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் படம் கண்டுபிடித்துச் சொன்ன பெரிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பிறநாட்டில் சிநேகிதம் குணப் பொருத்தம் பார்த்துத் தொடங்குவதில்லை, நேரப் பொருத்தத்தில் தொடங்குகிறது. உங்களுக்கு வேலை இல்லாத நேரத்தில் இன்னொருவருக்கும் வேலை இருக்கக்கூடாது. உங்களுக்கு நித்திரை வராத சாமத்தில் அவருக்கும் வரக்கூடாது. குணம், ரசனை, வயது எல்லாம் பிறகுதான். பொப்பும் ஷார்லட்டும் அமெரிக்காவில் சந்தித்திருந்தால் ஒரு 'ஹலோ' கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் படம் நேரத்தை வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. பொப்பின் மனைவி ஊரில் பகல் வேளையில் அனுப்பும் ஃபக்ஸ் இங்கே நடுச்சாமத்தில் வந்து இறங்குகிறது. மகனின் பிறந்தநாளை மறந்துவிட்டீர்கள் என்று ஒன்று. வீட்டில் அடிக்கப் போகும் புத்தக அலுமாரிக்கு எது நல்லது என்று இன்னொன்று. பிறகு கம்பளத்துண்டு மாதிரிகள் ஒரு பொதியாக வருகின்றன, நிறம் தெரிவு செய்யட்டாம். இருட்டறையில் மெஷின் தானாக உயிர்த்துக் கடகடவென்று தாள் தள்ளும் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். மனைவி கெட்டவள் இல்லை. பிள்ளைகளையும் வீட்டையும் தனியே இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஆனால் அவளுடைய பத்து மணியும் இவருடைய பத்து மணியும் ஒன்றாக இல்லை.

இன்னொரு காட்சி. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஷார்லட் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள். அறைக்குத் திரும்பி ஊரிலிருக்கும் சிநேகிதிக்கு ஃபோன் எடுக்கிறாள். துறவிகள் ஓதினார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்கிறாள். நான் யாரைக் கட்டினேன் என்றே தெரியவில்லை என்று சொல்ல வரும்போது குரல் உடைகிறது. மறுமுனையில் சிநேகிதி ஒரு நிமிடம் பொறு என்று போய்விட்டுத் திரும்பி வந்து, என்ன சொன்னாய் என்று கேட்கிறாள். ஷார்லட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிடுகிறாள். அழுகையைப் பெருக்கிக் காட்ட இசை வருவதில்லை, கமரா முகத்துக்குக் கிட்டப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கோல் எடுத்து, "சாப்பிட்டியா, குளிரா?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வைத்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். தங்கை, 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினீர்களே, இந்தக் காட்சியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரு பெண் தன் கலியாணத்தைப் பற்றி முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறாள், அது யார் காதிலும் விழவில்லை. அவள் பாருக்கு வந்து ஒரு தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் இருக்கும்போது நமக்குக் காரணம் விளங்குவது இதனால்தான்.

கொழும்புத் தமிழருக்கு இந்த நிலைமை புதிதல்ல. 1990களிலும் அதற்குப் பிறகும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாஸ்போட், விசா, ஏஜென்சி அலுவலாக வந்த சனம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. சொந்த நாடுதான், ஆனால் சிங்களம் தெரியாமல் பஸ்ஸில் ஏறவே அந்தரப்பட்டவர்களுக்கு அது பிறநாடு மாதிரித்தான். பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியாது. கொமியூனிகேஷன் கடையில் வெளிநாட்டுக் கோலுக்குக் காத்திருக்கும்போது முகம் பழகும். பிறகு ஒன்றாகச் சாப்பாட்டுக் கடை, பின்னேரம் கடற்கரை, ஒருவரின் பொலிஸ் பதிவுத் துண்டை மற்றவர் பார்த்து நிரப்புவது. ஊரில் என்றால் பக்கத்துக் குறிச்சி ஆள் என்று தெரிந்தும் கதைத்திருக்க மாட்டார்கள். ஒருநாள் ஒருவருக்கு விசா வரும், விலாசம் மாறி எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அந்த லொட்ஜ் வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் இப்படி ஓர் அமைதியான படம் இன்னும் வரவில்லை என்பது எனக்கு உண்மையான மனக்குறை.

அதே வேளை வித்தியாசத்தையும் மறைக்கக்கூடாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்புறம் பொலிஸார் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. பொப்பும் ஷார்லட்டும் தங்கியிருப்பது பார்க் ஹயாட் என்ற ஆடம்பர ஹோட்டலில். அவர்களை யாரும் எழுப்பி அடையாள அட்டை கேட்கப்போவதில்லை. டோஹாவில் ஓர் அறைக்குள் எட்டுப் பேராக அடுக்குக் கட்டிலில் படுக்கும் நம் பிள்ளைகளின் தனிமை வேறு, இவர்களுடைய தனிமை வேறு. இது வசதி உள்ளவர்களின் தனிமை என்று இந்தப் படத்தை ஒதுக்குபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஒதுக்கமாட்டேன். பசி இல்லாதவனுடைய தனிமையைச் சரியாகக் காட்டினால் பசியைக் கழித்துவிட்டுத் தனிமையைத் தனியாகப் பார்க்க முடிகிறது. கொப்போலா செய்தது அதைத்தான்.

எப்படிச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஷின்ஜுக்கு பார்க் டவர் என்ற கட்டடத்தின் உச்சி மாடிகளில் அந்த ஹோட்டல் இருக்கிறது, கென்சோ டாங்கே வடிவமைத்தது. பார் 52 ஆம் மாடியில். அறையின் கண்ணாடிக்கு உள்ளே ஷார்லட் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். கீழே டோக்கியோ முழுவதும் தெரிகிறது, ஒரு சத்தமும் கேட்பதில்லை. அவள் கீழே இறங்கி ஷிபுயாச் சந்தியிலோ விளையாட்டுக் கூடத்திலோ நின்றால் சத்தம் காதை அடைக்கிறது. மேலே சத்தமில்லாத நகரம், கீழே விளங்காத நகரம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு இடமில்லை என்பதை வசனமே இல்லாமல் ஒலியால் மட்டும் சொல்லிவிடுகிறார்.

படப்பிடிப்பு 2002 இலையுதிர் காலத்தில் 27 நாட்கள். கூடுதல் விளக்குகள் இல்லாமல் தெரு வெளிச்சத்திலும் பார் வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய வேக ஃபிலிமில் லான்ஸ் அகோர்ட் ஒளிப்பதிவு செய்தார். தகப்பன் ஃபிரான்ஸிஸ் ஃபோர்ட் கொப்போலா வீடியோவில் எடு என்று புத்தி சொல்லியும் மகள் ஃபிலிமில்தான் என்று நின்றார். நல்ல காலம். இரவுக் காட்சிகளில் அந்த மெல்லிய புள்ளிப் படிவும், முகத்தில் விழும் நியோன் வெளிச்சமும் இல்லாவிட்டால் இந்தப் படத்துக்குப் பாதி உயிர் போயிருக்கும். பில் மரேயை மனதில் வைத்தே எழுதியிருந்தார், மாதக்கணக்கில் அவரைத் துரத்தியிருந்தார். கையெழுத்தான ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே படக்குழு டோக்கியோவில் காத்திருந்தது. வந்தார். அவர் இல்லாவிட்டால் இது சுயபச்சாதாபப் படமாகச் சறுக்கியிருக்கும். பகிடி விடும்போதுகூடக் களைப்பு தெரிகிற முகம் அவருக்கு.

நம் சினிமாவும் ஜப்பானுக்குப் போயிருக்கிறது. ஒசாக்காவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியில் எம்.ஜி.ஆர் படம்பிடித்து 1973 இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. அன்று அது பெரிய கொண்டாட்டம், எனக்கும் பிடித்த படம். அங்கே வெளிநாடு என்பது நாயகன் வந்து ஜெயிக்கும் இடம். அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான படங்களில் வெளிநாடு ஒரு பாட்டுக்கான பின்னணி. அங்கே ஒருவர் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு இனி என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்ப்பதை நாம் திரையில் பார்த்துப் பழகவில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' (1963) போன்ற சிங்களப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை அவ்வளவு அந்நியமாக இராது.

காதலா என்ற கேள்விக்கு வருகிறேன். மச்சாள் காதல் என்றுதான் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். என் பதில் வேறு. ஆசை இருக்கிறது, அதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் தேடுவது அதை அல்ல. இரண்டு காட்சிகளை ஆதாரமாக வைக்கிறேன்.

கராஓகேப் பாட்டெல்லாம் முடிந்து, இளஞ்சிவப்பு டோப்பாவோடு ஷார்லட் வெளி நடைபாதையில் வந்து இருக்கிறாள். பொப்பும் வந்து பக்கத்தில் இருக்கிறார். அவள் கையிலிருந்த சிகரெட்டை வாங்கி ஓர் இழுப்பு. அவள் தலையை அவர் தோளில் சாய்க்கிறாள். ஒரு வசனம் இல்லை. இதை ஒரு காதல் படத்தில் வைத்திருந்தால் அடுத்த காட்சி அறைக்குள் போயிருக்கும். இங்கே போகிறது, ஆனால் வேறு விதமாக: நித்திரையாகிவிட்டவளைக் கொண்டுபோய்க் கிடத்தி, போர்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருகிறார்.

மற்றது கட்டில் காட்சி. மேலிருந்து கமரா பார்க்கிறது. உடுத்த உடுப்போடு இருவரும் படுத்திருக்கிறார்கள். அவள் சுருண்டு கிடக்கிறாள், கால்விரல்கள் அவருடைய விலாவை முட்டுகின்றன. நான் எங்கேயோ சிக்கிக்கொண்டு நிற்கிறேன், வயது போகப் போக இலேசாகுமா என்று கேட்கிறாள். அவர் முதலில் இல்லை என்கிறார், பிறகு ஆகும் என்கிறார். கலியாணம், பிள்ளைகள் பற்றிச் சொல்கிறார். முதல் பிள்ளை பிறக்கும் நாள்தான் ஆகப் பயங்கரமான நாள், அதோடு உன் பழைய வாழ்க்கை முடிந்தது, ஆனால் அவை நடக்கவும் கதைக்கவும் தொடங்கினால் அவற்றோடு இருக்கவே மனம் ஏங்கும் என்கிறார். கடைசியில் அவள் பாதத்தின் மேல் கையை வைக்கிறார், நித்திரையாகிவிடுகிறார்கள். ஷார்லட் கேட்பது காதலனிடம் கேட்கும் கேள்வி அல்ல. தன்னை முந்தி நடந்துபோன ஒருவரிடம், அங்கே வழி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்.

வயது வித்தியாசம் உறுத்தவில்லையா? உறுத்துகிறது. படப்பிடிப்பின்போது ஜொஹான்சனுக்கு 17, மரேக்கு 52. படத்தின் முதல் ஷொட்டே உள்ளாடையோடு திரும்பிப் படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் பின்புறம்தான். இன்றைய கண்ணுக்கு அது நெருடும், நெருடவும் வேண்டும். படத்துக்குள்ளும் இந்த நெருடல் தெரியாமல் இல்லை. பொப் ஹோட்டல் பாடகியோடு ஓர் இரவைக் கழித்த செய்தி ஷார்லட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு ஷாபு-ஷாபு கடையில் (இறைச்சியைக் கொதிநீரில் தாங்களே அவித்துச் சாப்பிடும் கடை) இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உங்கள் வயதுக்காரி, கதைக்க நிறைய இருந்திருக்கும் என்று அவள் குத்துகிறாள். அவரும் விடாமல் திருப்பிக் குத்துகிறார். சொல்லாத ஆசையும் உரிமை இல்லாத கோபமும் வெளியே வருகிற இடம் அது ஒன்றுதான். இந்தச் சண்டை மட்டும் இல்லாவிட்டால் படம் பொய்யாகிப் போயிருக்கும்.

ஜப்பான்காரர் பற்றிய கேள்வி நியாயமானது. உச்சரிப்பை வைத்துச் சிரிப்பு, உயரம் குறைந்த ஷவரை வைத்துச் சிரிப்பு, அறைக்கு அனுப்பப்படும் பெண்ணை வைத்து ஒரு நீளமான அசட்டுக் காட்சி. இவை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வெளியான காலத்திலேயே அமெரிக்காவிலிருந்த ஆசிய அமைப்பொன்று, ஆஸ்காரில் இதற்கு வாக்களிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த இருவரும் தங்களை மூடிக்கொண்டிருப்பதால் நகரம் அப்படித் தெரிகிறது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். பாதி சரி. கியோட்டோவில் ஷார்லட் தனியே நடந்து ஒரு மணமக்களைப் பார்த்து நிற்கும் காட்சிக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஷவர் பகிடிக்குப் பொருந்தாது.

கொழும்பில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு பார்வையும் உண்டு. காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல்களில் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்பதும், லிப்டுக்குள் பையைக் காவுவதும் நம் ஆட்கள். படத்தில் பொப்பை வரவேற்று வரிசையாக விசிட்டிங் கார்ட் நீட்டுபவர்களைப் பார்க்கும்போது நான் அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். அவர்களுக்கும் நீண்ட நாள், அவர்களுக்கும் வீட்டிலிருந்து கோல் வந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் திறந்து பார்க்கவில்லை. திறக்கும் இரண்டு இடங்கள் எனக்கு அதனால் இன்னும் பெறுமதி. ஃபுமிஹிரோ ஹயாஷி நடித்த சார்லி பிரவுன் என்ற சிநேகிதன் கூச்சமில்லாமல் கராஓகேயில் கத்திப் பாடுகிற இடம் ஒன்று. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஒரு முதியவர் பொப்போடு கைச்சைகையில் கதை கொடுக்க, பின்னால் இருக்கும் பெண்கள் அடக்க முடியாமல் சிரிக்கிற இடம் மற்றது. படம் முழுவதும் இந்த இரண்டு காட்சிகளின் மனதோடு எடுக்கப்பட்டிருக்கலாம்.

காதுக்குள் சொன்னது என்ன? திரைக்கதையில் அதற்கு முடிவான வசனம் இல்லை. பிறகு சேர்க்கலாம் என்று விட்டு, கடைசியில் சேர்க்காமலே விட்டார் கொப்போலா. ஒலியைக் கூட்டிக் கூட்டி வார்த்தைகளைப் பிரித்தெடுத்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டாம். சிநேகிதியிடம் சொன்னது யாருக்கும் கேட்காமல் போன பெண் இவள். இப்போது அவளுக்கென்றே ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது. நமக்குக் கேட்காததால் நாம் எதையும் இழக்கவில்லை.

ஆஸ்கார் மேடையில் கொப்போலா தனக்கு உந்துதல் தந்த இயக்குநர்களில் அன்டோனியோனியையும் வொங் கார்-வாயையும் பெயர் சொல்லி நன்றி கூறினார். உங்களுக்கு நேரம் இருந்தால் வொங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபோ லவ்' (2000) பாருங்கள். அதில் பக்கத்து வீட்டார் இருவர். பிறநாடு இல்லை, ஆனாலும் இதன் மூத்த சகோதரி என்று சொல்லலாம்.

மெல்பேர்ண் போய் இரண்டு மாதம் கழித்து இந்தப் படத்தை மறுபடி பாருங்கள், இரவில், ஹெட்ஃபோன் போட்டு. சில பிரதிகளில் ஜப்பானிய வசனங்களுக்கும் சப்டைட்டில் ஓடும், அதை நிறுத்திவிடுங்கள். கொப்போலா அவற்றை வேண்டுமென்றே போடாமல் விட்டவர். விளம்பர இயக்குநர் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டே போக, பொப் விழிக்கும் காட்சியில் நீங்களும் அவரைப் போலவே விழிக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள். ஷாபு-ஷாபு கடையில் நீங்கள் யார் பக்கம் என்று அறிய எனக்கு ஆவல்.